பன்னிரு அப்போஸ்தலர் பாறைகள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், போர்ட் கேம்பல் தேசியப் பூங்காவை ஒட்டிக் கடலுக்குள் தனித்தனியே நிற்கும் சுண்ணாம்புக்கல் தூண்களுக்குப் பன்னிரு அப்போஸ்தலர் என்று பெயர். இப்போது நிற்பவை எட்டுதான். 2005 ஜூலை 3 அன்று சுமார் 50 மீட்டர் உயரத் தூண் ஒன்று நொறுங்கி விழும்வரை ஒன்பது இருந்தன. இந்தக் கூட்டத்துக்குப் பழைய பெயர் ‘பன்றியும் குட்டிகளும்’. அந்தப் பெயரைச் சொல்லிச் சுற்றுலாப் பயணிகளை அழைப்பது கடினம்தான். 20ஆம் நூற்றாண்டில் அப்போஸ்தலர் வந்து அமர்ந்தார்கள், எண்ணிக்கையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கடல் உயிரினங்களின் ஓடுகளும் எலும்புகளும் கடலடியில் படிந்து, காலப்போக்கில் இறுகி உருவான மென்மையான பாறை இது. தென்பெருங்கடலின் அலைகள் தடையின்றி வந்து மோதும் கரை என்பதால் அரிப்பு கடுமை. செங்குத்துப் பாறையில் இளகிய இடத்தை அலை முதலில் குகையாகக் குடைகிறது. இரு பக்கமும் குடைந்து துளைத்தால் அது வளைவாகிறது. வளைவின் கூரை இடிந்தால், கரையிலிருந்து பிரிந்த தூண் மிஞ்சுகிறது. பிறகு தூணின் அடி தேய்ந்து, ஒருநாள் அதுவும் விழுகிறது.

இந்த எல்லா நிலைகளையும் ஒரே பயணத்தில், சில கிலோமீட்டர் இடைவெளிகளில் பார்த்துவிடலாம். அதனால்தான் அப்போஸ்தலர் பார்வைமேடையில் மட்டும் இறங்கிப் படமெடுத்துத் திரும்பும் பேருந்துப் பயணம் அரைகுறையானது.

இங்கே வரும் வழியும் பார்க்கவேண்டிய ஒன்றுதான். டார்கியில் தொடங்கும் கிரேட் ஓஷன் ரோடு சுமார் 243 கிலோமீட்டர் நீளம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சுமார் 3,000 படைவீரர்கள், 1919 முதல் 1932 வரை பெரும்பாலும் கடப்பாரையும் மண்வெட்டியுமாக மலையோரத்தை வெட்டி அமைத்தார்கள். போரில் மாண்ட தோழர்களுக்கு இந்தச் சாலையே நினைவுச்சின்னம். நம்மூரைப் போல இடப்புறம் ஓட்டும் நாடு என்பதால், மெல்போர்னிலிருந்து மேற்கே போகிறவர்களுக்குக் கடல் தங்கள் பக்கமே வரும். வளைவுகள் அதிகம், காட்சியை ரசிக்கும் வேலையை ஓட்டுநர் மற்றவர்களிடம் விட்டுவிடுவது நல்லது.

அப்போஸ்தலருக்குச் சற்றுக் கிழக்கே கிப்சன் படிகள் உள்ளன. பாறையில் வெட்டிய 86 படிகளில் இறங்கி மணலில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் உயரம் புரியும். பாறை சரியும் அபாயத்தால் வழியை அடைத்துவிடுவதும் உண்டு.

மேற்கே சில நிமிடத் தொலைவில் லாக் ஆர்டு பள்ளத்தாக்கு. இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு வந்துகொண்டிருந்த லாக் ஆர்டு என்ற பாய்மரக் கப்பல் 1878 ஜூன் 1 அன்று அருகிலிருந்த தீவில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த 54 பேரில் பிழைத்தவர்கள் இருவரே: பயிற்சி மாலுமி டாம் பியர்ஸ், அயர்லாந்திலிருந்து குடும்பத்தோடு குடிபெயர்ந்த ஈவா கார்மைக்கேல். கரை சேர்ந்த டாம், கூக்குரல் கேட்டு மறுபடி நீருக்குள் போய் ஈவாவை இழுத்து வந்தார்; பிறகு செங்குத்துப் பாறையில் ஏறி உதவி தேடினார். இருவரும் மணந்துகொள்வார்கள் என்று அக்காலத்து மக்கள் ஆசைப்பட்டார்கள். ஈவாவோ சில மாதங்களில் அயர்லாந்துக்கே திரும்பிவிட்டார். 2009இல் அங்கிருந்த பாறை வளைவு ஒன்று இடிந்தபோது மிஞ்சிய இரண்டு தூண்களுக்கு டாம், ஈவா என்றே பெயர் வைத்தார்கள்.

போர்ட் கேம்பல் ஊரைத் தாண்டினால் ‘லண்டன் பிரிட்ஜ்’. இரட்டை வளைவாக இருந்த இதன் கரைப்பக்க வளைவு 1990 ஜனவரி 15 அன்று திடீரென விழுந்தது. மறுமுனையில் நின்றிருந்த இருவர் கடல் நடுவே மாட்டிக்கொள்ள, ஹெலிகாப்டர் வந்துதான் அவர்களை மீட்டது. பாலம் போய்விட்டதால் இப்போது பெயர் லண்டன் ஆர்ச்.

கடலுக்கு அடியிலும் அப்போஸ்தலர்கள் உண்டு. கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் உருவான ஐந்து தூண்கள் மூழ்கிக் கிடப்பதை ஒலியலை ஆய்வில் கண்டதாக 2016இல் அறிவித்தார்கள். அவற்றையும் சேர்த்தால் கணக்குப் பதின்மூன்று!

காலையிலும் மாலையிலும் சாய்வெயிலில் பாறை பொன்னிறமாகும்; அந்தி மங்கிய பின் சிறிய பென்குவின்கள் கரையேறும். எனவே ஒரே நாளில் போய்வராமல் போர்ட் கேம்பலில் ஓர் இரவு தங்குங்கள். திரும்பும்போது கோலாக் வழியாக உள்நாட்டுச் சாலையைப் பிடித்தால் சுமார் மூன்று மணி நேரத்தில் மெல்போர்ன் வந்துவிடலாம்.