தெருவின் பெயர் பூண்ட இசைக்குழு

ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் கிழக்குக் கோடி பைரன் முனையாகும். 1770ஆம் ஆண்டில் அவ்வழியே கப்பல் செலுத்திய கேப்டன் குக், கடற்படை வீரர் ஜான் பைரனின் நினைவாக அதற்கு அப்பெயர் சூட்டினார். ஆங்கிலக் கவிஞர் பைரன் அவ்வீரரின் பேரர். பின்னாளில் ஊர் அமைத்தோர் அப்பெயரைக் கவிஞருடையதாகவே கொண்டனர் போலும்; கீட்ஸ், ஷெல்லி, டென்னிசன் என்று தெருக்களுக்குப் புலவர் பெயர்களை இட்டுவிட்டனர். மயக்கத்தில் விளைந்ததாயினும் நல்ல வழக்கமே! ஆயினும் உலகம் சுற்றி வந்த தெருப்பெயர் இவற்றுள் ஒன்றன்று. எப்புலவரையும் நினைவூட்டாத ‘பார்க்வே டிரைவ்’ என்னும் குடியிருப்புத் தெருவின் பெயரே அது. 2003ஆம் ஆண்டில் இளைஞர் சிலர் அத்தெருவிலிருந்த வீடொன்றில் கூடி இசை பயின்றனர். தெருவின் பெயரையே தம் குழுவுக்கும் இட்டுக்கொண்டனர்.

அவர்கள் பயின்ற இசை ‘மெலோடிக் மெட்டல்கோர்’ எனப்படும். இதனை வெற்றிரைச்சல் என்று ஒதுக்குவோர் நம்மிடையே பலர். மாணவரின் காதுக்கருவியிலிருந்து கசியும் ஓசையாக மட்டுமே ஆசிரியர் சிலர் இதனை அறிந்திருக்கவும் கூடும். ஆனால் இதற்கு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தார்க்கு ஓசையினுள் அமைந்த ஒழுங்கும் புலப்படும்.

இரண்டு ஆறுகள் கூடிப் பிறந்த இசை இது. ஒன்று, 1970களின் இறுதியில் அமெரிக்க நகரங்களில் எழுந்த ‘ஹார்ட்கோர்’ இசை. சுருங்கிய பாட்டு, மிக்க விரைவு, முழக்கம் போன்ற குரல் ஆகியன அதன் இயல்புகள். பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் வாயிலில் காத்து நிற்க அவ்விளைஞர்கள் விரும்பவில்லை. ‘பிளாக் ஃபிளாக்’ குழுவின் கிரெக் கின் 1978இல் தாமே இசைத்தட்டு வெளியிடத் தொடங்கினார். வாஷிங்டனில் 1980இல் ‘டிஸ்கார்ட்’ நிறுவனம் தோன்றியதும் அவ்வாறே. மற்றொன்று, ‘தின் லிசி’, ‘அயர்ன் மெய்டன்’ ஆகிய குழுக்கள் வளர்த்த இரட்டைக் கித்தார் மரபு. ஒரு கித்தார் ஒரு மெட்டை வாசிக்க, மற்றது சில சுரங்கள் தள்ளி நின்று அம்மெட்டையே உடன் தொடரும். சுவீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரத்தார் இம்மரபைக் கடுவிரைவு இசையிற் புகுத்தினர். ‘அட் த கேட்ஸ்’ குழுவின் 1995ஆம் ஆண்டுத் தொகுதி அதற்குச் சிறந்த சான்று. இவ்விரண்டும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நன்கு கலந்தன. அங்கு 1999இல் தோன்றிய ‘கில்ஸ்விட்ச் என்கேஜ்’ குழுவினர் 2002இல் வெளியிட்ட தொகுதி பலருக்கும் வழிகாட்டியாயிற்று.

அக்குழுவைச் சேர்ந்த ஆடம் டட்கேவிச்சே பைரன் விரிகுடா இளைஞரின் முதல் இரு தொகுதிகளையும் (2005, 2007) உருவாக்கித் தந்தார். எனினும் மாணவர் ஆசிரியரை அப்படியே பின்பற்றவில்லை. கில்ஸ்விட்ச் குழுவில் ஒருவரே கதறிப் பின் பல்லவியை இனிமையாகப் பாடுவார். இவ்வகைக் குழுக்கள் பலவும் அம்முறையையே மேற்கொண்டன. பார்க்வே டிரைவின் பாடகர் வின்ஸ்டன் மெக்கால் அத்தொகுதிகளில் இறுதிவரை முழங்குவதோடு சரி. பாடுவது கித்தாரே! ‘கேரியன்’ என்னும் பாட்டைக் கேட்போர் பின்னர் வாய்க்குள் முணுமுணுப்பது சொற்களையன்று, ஜெஃப் லிங்கின் கித்தார் மெட்டையே. மெட்டு முடிந்ததும் விரைவு பாதியாகக் குறையும். முரசும் கித்தாரும் ஒரே அடியாக விழும். ங்க, ஞ்ச, ந்த என்று மெல்லெழுத்து முன்வந்து தன் இன வல்லெழுத்தை அழைத்து வருதல் போல, இன்னிசை முன்வந்து இடியோசையை அழைத்து வருகிறது. மென்மை இல்லையேல் அவ்வன்மைக்கு இத்துணை ஆற்றல் இராது.

இக்குழுவினரின் தற்சார்பும் கருதத்தக்கது. சிட்னியைச் சேர்ந்த ‘ரெசிஸ்ட்’ என்னும் சிறு நிறுவனமே இவர்தம் முதல் தொகுதிகளை ஆஸ்திரேலியாவில் வெளியிட்டது. அயல்நாடுகளுக்கு இவர்கள் நாடிய ‘எபிடாஃப்’ நிறுவனமும் ‘பேட் ரிலிஜன்’ என்னும் குழுவின் கித்தார்க் கலைஞர் ஒருவர் தொடங்கியதே. 2006இல் குழுவிற் சேர்ந்த ஜியா ஓ’கானர் அதற்குமுன் நிகழ்ச்சிகளில் இவர்களுடைய சட்டைகளை விற்றவர். நண்பர்களைக் கொண்டே எல்லாப் பணியையும் நடத்தும் குழுவில் அது இயல்பே. ஆஸ்திரேலிய இசைத்தட்டுத் துறையின் ஏரியா விருதுகளில் வன்னிசைக்கெனத் தனிப்பிரிவு 2010இல் ஏற்பட்டபோது, முதல் விருதை இவர்களின் ‘டீப் புளூ’ பெற்றது. பெருநகரமும் பெருநிறுவனமும் துணையின்றி ஒரு கடற்கரைச் சிற்றூரார் பெற்ற ஏற்பு அது.

2015இல் வெளிவந்த ‘அயர்’ தொகுதியில் இவர்கள் தம் நடையை மாற்றினர். விரைவு தணிந்தது, மெக்காலும் பாடலானார். பழைய அன்பர் பலர் முகஞ்சுளித்தனர். பெருந்திரள் உடன்பாடுவதற்கு ஏற்ற பாட்டுகள் அவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், குரல் மெட்டை ஏற்றதும் கித்தாரின் பேச்சு குறைந்துவிட்டது என்பதே எம் கருத்து. முதல் இரு தொகுதிகளின் செறிவு பிறகு அமையவில்லை.

2025 ஜூனில் இவர்கள் சிட்னி ஆப்பரா மாளிகையில் பெரும் இசைக்கருவிக் குழுவினருடன் நிகழ்ச்சி நடத்தினர். தெருவோர வீட்டில் தொடங்கி அம்மேடையை அடைய இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.