கற்காரையின் குழந்தைப் பருவம்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது' என்னும் பழமொழி மக்களுக்கு மட்டுமன்றிக் கட்டடங்களுக்கும் பொருந்துவதாகும். நூறாண்டு நிற்க வேண்டிய தூண், வார்க்கப்பட்ட முதற் சில நாள்களில் எவ்வாறு பேணப்பட்டது என்பதே அதன் ஆயுளைப் பெரிதும் முடிவு செய்கின்றது. பினாங்குத் தீவின் கட்டட வரலாறு இவ்வுண்மையை நமக்கு நன்கு உணர்த்தும்.

ஜார்ஜ் டவுனின் பார்க்குவார் சாலையில் வெண்ணிறத் தூண்களோடு விளங்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பால் எழுந்தது அது. அக்காலக் கட்டடங்களைப் பிணைத்து நின்றது சுண்ணச்சாந்து. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தையும் இந்தியக் கைதிகளே கட்டினர். அங்கு அவர்கள் பூசிய 'சென்னைச் சுண்ணாம்பு' பற்றி மக்நேர் என்னும் அதிகாரி 1899-இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைக் கலந்து பூசினர். பின்னர்ப் பளிங்குபோல் மின்னும்வரை தேய்த்தனர்.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மெல்ல இறுகுவது. சிமெண்டோ நீரோடு கூடிய சில மணி நேரத்திலேயே இறுகத் தொடங்கும். அவ்வேளையில் வெப்பத்தையும் வெளியிடும். சிமெண்டு, மணல், கல், நீர் ஆகியவை கலந்த கற்காரையே பின்னாளில் பினாங்கின் தோற்றத்தை மாற்றியது. முதலில் 65 மாடிகளோடு எழுந்த கொம்தார் கோபுரமும், 1985-இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலமும் அதன் சாதனைகள்.

கற்காரையை அச்சுப் பலகைக்குள் கொட்டினால் மட்டும் போதாது. உள்ளே காற்றுக் குமிழிகள் தங்காதவாறு அதிர்வுக் கருவியால் செறிவூட்ட வேண்டும். ஜப்பானில் தேர்ந்த தொழிலாளர் குறைந்தமையால் இவ்வேலை செவ்வையாக நடைபெறவில்லை; கட்டடங்களும் விரைவில் பழுதுற்றன. இதற்குத் தீர்வாகத் தோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒக்காமுரா 1986-இல் முன்மொழிந்ததே 'தானே செறியும் கற்காரை'. நெருங்கிய கம்பிகளுக்கு இடையிலும் அது தேன்போல் வழிந்து, தன் எடையாலேயே இடத்தை நிரப்பும். 1998-இல் திறக்கப்பட்ட அக்காஷி கைக்கியோ தொங்கு பாலத்தின் நங்கூரக் கட்டுமானங்களில் அது பெருமளவில் வார்க்கப்பட்டது.

எனினும், தானே செறிவது தானே வளர்ந்துவிடுவதில்லை. நீர்மத் தன்மை மிகுதியாதலால் அச்சுப் பலகையை அது வலுவாக நெருக்கும். மாவுப்பொருள் மிகுந்தும் நீர் குறைந்தும் இருப்பதால் மேற்பரப்பில் நீர் கசிவது அரிது. வெயிலும் காற்றும் பட்டால் மேற்பரப்பு விரைவில் உலர்ந்து வெடிக்கும். ஈரம் போகாவிடினும், சிமெண்டு உள்நீரை உறிஞ்சுவதால் உள்ளேயே சுருக்கம் நிகழும். பருத்த தூண்களில் உட்பகுதி கொதித்து வெளிப்பகுதி குளிர்ந்தால் பிளவு தோன்றும். கடற்கரை நகரில் மயிரிழை போன்ற பிளவும் ஆபத்தே. அதன்வழி உப்பு நுழைந்து இரும்புக் கம்பியை அரிக்கும். ஆதலால் ஈரச் சாக்கால் மூடி நீராற்றும் பணியைத் தொடக்கத்திலேயே மேற்கொள்ள வேண்டும்.

பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபாலிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில், செம்பனை ஆலைச் சாம்பலைக் கற்காரையில் கலக்கும் ஆய்வுகள் நடந்துள்ளன. சிமெண்டில் ஒரு பகுதிக்கு ஈடாக இத்தகைய சாம்பலைச் சேர்த்தால் வெப்பம் குறையும். ஆனால் தொடக்க வலிமை மெல்ல ஏறுவதால் நீராற்றுவதில் கூடுதல் பொறுமை வேண்டும்.

தேவாலயத்தைக் கட்டிய கைதிகளின் பெயர்கள் அதன் சுவரில் இல்லை. பாலத் தூண்களுக்கு நீராற்றிய தொழிலாளரையும் வரலாறு குறித்து வைப்பதில்லை. கருவிகள் மாறினும், கலவைகள் மாறினும், இளமையில் பேணும் கைகளின் தேவை மாறவில்லை. பள்ளிக் கட்டடத்தில் அமர்ந்து பயிலும் மாணவரும், அவரைப் பேணி வளர்க்கும் ஆசிரியரும் இதனை நினைவிற் கொள்வது நலம்.