நன்னூல் உரைநெறியும் வரலாற்று வகுப்பும்: புகலூர்க் கல்வெட்டு வழி ஓர் ஆய்வு

வரலாற்று வகுப்பில் மாணவர் வரலாற்று நூலைப் படிக்கின்றனர். வரலாற்றுச் சான்றைப் படிக்கின்றனரா என்பது வினவுதற்குரியது. 'புகலூர்க் கல்வெட்டுப் பதிற்றுப்பத்தின் அரச மரபை உறுதி செய்கின்றது' என்னும் தொடரை மனங்கொண்டு தேர்வில் எழுதுவோர் பலர். அக்கல்வெட்டு உரைப்பது யாது, அறிஞர் அதனின்று துணிந்தது யாது எனப் பிரித்துக் காட்டவல்லார் சிலரே. இக்குறை மாணவரது அறிவுக் குறையன்று. படிக்கும் முறை பயிற்றப்படாமையால் நேர்வது. அம்முறை நம் உரைமரபிலேயே உண்டு என்பதும், கொங்கு நாட்டுச் சான்று ஒன்றைக் கொண்டே அதனைப் பயிற்றலாம் என்பதும் ஈண்டு யாம் நிறுவ முயல்வன.

இக்குறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 1991ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சாம் வைன்பர்க், வரலாற்றறிஞர் எண்மரிடமும் உயர்நிலைப்பள்ளி மாணவர் எண்மரிடமும் ஒரே நிகழ்ச்சி பற்றிய ஆவணங்களைத் தந்து, அவர்கள் படிக்கும் திறத்தை ஆராய்ந்தார். அறிஞர் முதற்கண் ஆவணத்தை எழுதியவர் யார், எந்நிலையில் எழுதினார் என நோக்கினர். பின்னர் ஒன்றை மற்றொன்றுடன் ஒப்பிட்டனர். மாணவரோ பெரும்பாலும் முதலிலிருந்து இறுதிவரை செய்தியைத் திரட்டிச் சென்றனர். பாடநூற் பகுதியையே பெரிதும் நம்பினர். அறிஞர்க்கு அப்பகுதியே நம்பிக்கை குறைந்ததாகப் பட்டது. வேறுபாடு செய்தியறிவில் மட்டும் இல்லை. வினவும் பழக்கத்தில் இருந்தது.

அவ்வினவும் பழக்கத்திற்கு இலக்கணம் வகுத்தவருள் ஒருவர் பவணந்தியார். கி.பி. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய நன்னூலின் சிறப்புப் பாயிரம் சனகை என்னும் ஊரைச் சுட்டுகின்றது. அவ்வூர் ஈரோட்டு மாவட்டத்துச் சீனாபுரமே என்பது கொங்கு நாட்டார் கொள்கை. பாயிரம் தருவது பெயர். இடம் சுட்டுவது பின்னோர் துணிவு. இவ்வேறுபாட்டையும் மாணவர்க்குச் சொல்லியே தொடங்குதல் நன்று.

நன்னூற் பொதுப்பாயிரம் உரையின் கூறுகள் பதினான்கினைத் தொகுத்துரைக்கின்றது. அவற்றுள் பாடம், சொற்பொருள், விசேடம், அதிகாரம், வினா, விடை, ஆசிரிய வசனம், துணிவு என்னும் எட்டும் வரலாற்று மூலத்தைப் படித்தற்கு நேரே பயன்படுவன. இவற்றைப் புகலூர்க் கல்வெட்டின்மேல் வைத்துக் காண்போம்.

கரூரை அடுத்த புகலூர் ஆறுநாட்டார் மலையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்த கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் சேரர் பெயர் கூறுவதனை ஐராவதம் மகாதேவன் 1965ஆம் ஆண்டில் படித்து விளக்கினார். கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோன். அவன் மகன் இளங்கடுங்கோ. இவன் இளங்கோ ஆனபொழுது யாற்றூர்ச் செங்காயபன் என்னும் சமணத் துறவிக்கு உறைவிடமாகக் கல் அறுக்கப்பட்டது என்பது அதன் பொருள்.

முதற்கண் பாடம். 'இளங்கடுங்கோ' என நாம் எழுதும் பெயர் கல்லில் இகரமின்றி ளகரத்தில் தொடங்குகின்றது. இகரம் படிப்போர் தருவது என்பதை மாணவர் அறிதல் வேண்டும். அடுத்துச் சொற்பொருள். 'இளங்கோ' என்பது இயற்பெயரா, இளவரசு நிலையா என்னும் வினா எழும். பின்னர் அதிகாரம், அஃதாவது கூற்று நிகழும் சூழல். இது போர்வெற்றி கூறும் மெய்க்கீர்த்தியன்று. துறவிக்கு அளித்த கொடையைக் குறிப்பது. அரசர் பெயர்கள் கொடையாளியை அடையாளங் காட்டவே வந்தன.

இனி, ஆசிரிய வசனமாகப் பதிற்றுப்பத்தை ஒப்பு நோக்குவோம். ஏழாம் பத்துக் கபிலரால் செல்வக் கடுங்கோ வாழியாதன்மீதும், எட்டாம் பத்து அரிசில்கிழாரால் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறைமீதும், ஒன்பதாம் பத்துப் பெருங்குன்றூர்கிழாரால் இளஞ்சேரல் இரும்பொறைமீதும் பாடப்பட்டன. இம்மூவரே கல்வெட்டின் மூவர் என்பது மகாதேவனின் முடிபு. ஆதன், இரும்பொறை என்னும் பெயர்க்கூறுகளும், 'பெரு', 'இள' என்னும் அடைகளும் இதற்கு அரண் செய்கின்றன.

ஆயின் வினா இங்கே முடிவதன்று. எட்டாம் பத்தின் பதிகம் அதன் தலைவனைச் செல்வக் கடுங்கோவின் மகன் என்கின்றது. இது கல்வெட்டோடு இயையும். ஒன்பதாம் பதிகமோ இளஞ்சேரல் இரும்பொறையைக் குட்டுவன் இரும்பொறையின் மகன் என்கின்றது. கல்வெட்டில் இளங்கடுங்கோ பெருங்கடுங்கோனின் மகன். பெருஞ்சேரலே பெருங்கடுங்கோன் எனின், இளஞ்சேரலின் தந்தை யார்? மேலும், பாலை பாடிய பெருங்கடுங்கோ, மருதம் பாடிய இளங்கடுங்கோ எனச் சங்கப் புலவர் இருவர் உளர். கல்லிலுள்ள பெயர்களோடு இவர்கள் பெயரே எழுத்தளவில் மிக நெருங்கி நிற்கின்றன. பதிகங்கள் பிற்காலத்துச் சேர்க்கப்பட்டவை என்னும் அறிஞர் கருத்தையும் ஈண்டு எண்ணுதல் வேண்டும்.

ஆதலின் துணிவு படிநிலை உடையதாகின்றது. இரும்பொறை மரபினர் மூவர் தந்தை, மகன், பெயரன் என நின்றமை கல்வெட்டே கூறுவது, ஐயமற்றது. முதல்வன் செல்வக் கடுங்கோ வாழியாதன் என்பது வலிய ஊகம். மூன்றாமவன் இளஞ்சேரல் இரும்பொறை என்பது தடை ஒன்றனை விளக்கியே கொள்ளத்தக்க ஊகம். கல்லில் இல்லாது படிப்போர் கொணர்ந்து சேர்ப்பன யாவும் விசேடத்தின்பாற்படும். அவற்றை மூலத்தின்மேல் ஏற்றுதல் கூடாது. சங்க காலக் கணிப்பிற்கே இவ்வொற்றுமை ஒரு தூணாகக் கொள்ளப்படுதலின், தூணின் வலிமையை அறியாது அதன்மேல் மாடம் எழுப்புவது தக்கதன்று.

இப்பயிற்சியை வகுப்பில் நடத்துமாற்றையும் நன்னூலே காட்டுகின்றது. ஆசிரியர் கூறியதை நன்கு கொள்ளினும் மாணவன் பெறுவது காற்கூறு. உடன் பயில்வாரோடு பழகலால் மற்றொரு காற்கூறு. பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறு என்பது அந்நூலின் கணக்கு. ஆகவே கல்வெட்டின் பாடத்தையும் பதிகங்கள் மூன்றனையும் முன்வைத்து, மாணவர் சிறு குழுக்களாக இருந்து வினவி, தம் துணிவை மற்றைக் குழுவினர்க்கு உரைத்தல் வேண்டும். ஆசிரியர் தம் முடிபை இறுதியிலேயே கூறுதல் நன்று.

தேர்வு வினாவும் அதற்கேற்ப மாறுதல் வேண்டும். 'புகலூர்க் கல்வெட்டு எதனை உறுதிப்படுத்துகின்றது?' என்னும் வினா நினைவை அளக்கும். 'அக்கல்வெட்டு எதனைக் கூறுகின்றது? எதனைக் கூறவில்லை?' என்னும் வினாவே படிப்பை அளக்கும். கோவை வட்டாரக் கல்லூரிகளுக்குப் பேரூர், அவிநாசி, விசயமங்கலம் ஆகிய ஊர்க் கல்வெட்டுகளும், கொடுமணலில் கிடைத்த எழுத்துப் பொறித்த பானையோடுகளும் அண்மையில் உள்ள மூலங்கள். பருவத்திற்கு ஒரு மூலத்தையேனும் இந்நெறியில் முழுமையாகப் பயிற்றுவது, முடிபுகள் பலவற்றை மனப்பாடம் செய்விப்பதினும் மேலாம் என்பது எம் கருத்து.