மண்டபம் முகாமும் அழையா விளம்பரமும்

பாம்பன் பாலத்துக்கு இப்பாலுள்ள மண்டபம் முகாம் என்னும் ஊர்ப்பெயரில் ஒட்டி நிற்கும் 'முகாம்', இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் புறப்பட்ட தமிழ் மக்களை, அம்மையும் காலராவும் அவர்களோடு கடல் கடந்துவிடலாகாதென்ற அச்சத்தால், இலங்கை அரசாங்கத்தார் சில நாட்கள் தடுத்து வைத்து, அம்மை குத்தி, துணிமணிகளைச் சுத்தி செய்து, அதன் பின்னரே அக்கரைக்கு அனுப்பிய குவாரண்டைன் முகாமாகும். நாற்பது நாள் என்று பொருள்படும் வெனிஸ் நகரத்துச் சொல்லொன்று இராமநாதபுரம் கரையில் இறங்கிய விதம் அது. ஏழைகளை நோய் மூட்டைகளாகவே பாவித்த அந்த ஏற்பாட்டில் எனக்கு மதிப்பில்லை. ஆயினும், நூறாண்டு கழிவதற்குள் அதே சொல் அதே கரையின் வீட்டுக் கணிப்பொறிகளிலே தோன்றி, அகப்பட்ட கள்ளக் கோப்புகளைக் குவாரண்டைனில் வைக்கட்டுமா என்று வினவியது விந்தையே.

வைரஸ் கதவை உடைத்து வருவது. நான் சொல்ல வந்த விளம்பர மென்பொருளோ நம் சம்மதத்தைக் கையில் வாங்கிக்கொண்டே உள்ளே வருவது.

அதன் பூர்வோத்தரம் சுவையானது. 1990-களில் அமெரிக்காவில் டிரைபாட் என்ற இணையதளத்தில் பணிபுரிந்த ஈதன் ஜக்கர்மன் என்பவர், தன் விளம்பரம் ஆபாசப் பக்கமொன்றில் அமர்ந்திருக்கக் கண்ட மோட்டார் கம்பெனி ஒன்று சினந்தமையால், விளம்பரத்தைப் பக்கத்தினின்றும் பிரித்துத் தனிச் சன்னலில் திறக்குமாறு நிரல் எழுதினார். 2014-ல் அவரே அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். 2004-ல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் திருத்தத் தொகுப்பு அத்தகைய சன்னல்களை அடைக்கும் தாழ்ப்பாளைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே விளம்பர வியாபாரிகளில் சிலர், பக்கத்தை நம்பாமல், யந்திரத்துக்குள்ளேயே குடியேறும் உபாயத்தைக் கண்டுகொண்டிருந்தனர்.

1995 ஆகஸ்ட் 15-ல் இந்தியாவில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இணையம் எங்கள் கரைக்கு வந்தபோது, கீழக்கரையிலும் தொண்டியிலும் அதற்குக் கிடைத்த முதல் வேலை, வளைகுடா நாடுகளில் பிழைக்கும் மக்களின் குரலையும் முகத்தையும் வீட்டாருக்குக் காட்டுவதே. முதலில் பிரவுசிங் சென்டர், பிறகு சொந்தக் கணிப்பொறி என்று வளர்ந்த அவ்வழக்கத்தில், பேசுவதற்கொரு மென்பொருள், தமிழ் எழுத்துரு, பாட்டு இறக்கும் கருவி ஆகியவற்றைத் தேடிப் போனவர்கள், 'டவுன்லோடு' என்று பெரிதாகப் பளபளத்த பொத்தானே விளம்பரமென்றும் அசல் பொத்தான் மூலையில் ஒடுங்கிக் கிடந்ததென்றும் அறியாமல் அழுத்தி, 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று விரைந்து, ஏற்கெனவே குறியிடப்பட்ட சிறு கட்டத்தின் வாயிலாக மூன்று டூல்பார்களுக்கு இடங்கொடுத்தனர். யாவரும் நம்பிய ஜாவாவே ஆஸ்க் டூல்பாரைத் தோளில் தூக்கி வந்ததென்றால், பிறரைச் சொல்வானேன்! 2011-ல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் இருந்தது. அவ்வழி சென்றவரை, விண்டோஸுக்கென்றே பெரிதும் எழுதப்பட்ட இவ்வுபாதை தீண்டவில்லை.

2017 ஜூனில் செக் பாயிண்ட் நிறுவனம், ஃபயர்பால் என்னும் இவ்வகை மென்பொருள் உலகில் 25 கோடிக் கணிப்பொறிகளிலும், அவற்றுள் 2.5 கோடிக்கு மேல் இந்தியாவிலும் புகுந்ததாக அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் அக்கணக்கை மிகையென மறுத்தது. மிகையைக் கழித்தாலும் மிஞ்சுவது சிறிதன்று.

சிகிச்சைக்கு வருவோம். ஊர் மெக்கானிக் அறிந்த ஒரே மருந்து 'ஃபார்மட் அடிப்பது'. தலைவலிக்குத் தலையையே வாங்கும் அவ்வைத்தியத்தில், விளம்பரத்தோடு கல்யாணப் புகைப்படங்களும் போயின. 2000-ல் ஜெர்மானியர் ஒருவர் எழுதிய ஸ்பைபாட்டும், 2011-ல் பிரான்ஸில் பிறந்த ஆட்வ்கிளீனரும் ஆகிய விளம்பர நீக்கிக் கருவிகள் அந்நிலையை மாற்றின. கருவி இல்லாமலும் செய்யலாம்: கண்ட்ரோல் பேனலில் மென்பொருள்களை நிறுவிய தேதிவாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளில் வந்த அந்நியரை வெளியேற்றி, உலாவியின் நீட்சிகளையும் முகப்புப் பக்கத்தையும் சரிசெய்தால் பாதி தீரும். மறுநாளும் விளம்பரம் எழுமாயின், உலாவியின் குறுவழிப் படத்தில் வலச்சொடுக்கி, 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து, நிரலின் பெயருக்குப் பின்னே அந்நிய இணைய முகவரியொன்று வாலாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். டாஸ்க் ஷெட்யூலரிலும் தேடுங்கள், விரட்டியதைக் குறித்த நேரத்தில் திரும்ப அழைத்துவரும் தரகன் அங்கேதான் ஒளிந்திருப்பான்.

சட்டம் இல்லையா என்பீர்கள். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, கணிப்பொறியில் மாசு புகுத்துவோரிடம் நஷ்டஈடு கோர இடந்தருகிறது; ஆனால் உடையவரின் அனுமதியின்றிப் புகுத்தியிருக்க வேண்டும். அனுமதியோ, நாம் வாசிக்காமல் அழுத்திய 'நெக்ஸ்ட்' என்ற பொத்தானில் இருக்கிறது. மண்டபத்தில் தடுத்து வைக்கப்பட்டோரை எவரும் சம்மதம் கேட்கவில்லை. நம்மைக் கேட்கிறார்கள், பொடியெழுத்தில். ஆகையால், அடுத்த மென்பொருளை நிறுவும்போது 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்து, அந்தச் சிறு கட்டத்திலுள்ள குறியை எடுத்துவிடுங்கள்.