இங்க யாராவது இருக்கீங்களா?

காலையில் அம்மாவுக்கு விசா நேர்காணல். இரவு பதினொன்றரைக்குக் கேட்கிறாள்: "பிரிண்டர் பக்கத்துலதானடா இருக்கு, உன் லேப்டாப்புக்குக் கண்ணு தெரியலையா?"

1985-இல் இந்தச் சிக்கல் இல்லை என்றால் நம்புவீர்களா? அந்த ஆண்டு வந்த ஆப்பிள் லேசர்ரைட்டரின் விலை 6,995 டாலர். ஆளுக்கொன்று கட்டுப்படியாகாது. ஆப்பிள்டாக் வலையில் பல மேக்குகள் ஒன்றையே பகிர்ந்துகொண்டன. முகவரி எண் எதுவும் தட்ட வேண்டாம், பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பிறகு எல்லோரும் ஐபிக்கு மாறினார்கள், அந்தச் சௌகரியம் போயிற்று. அதை மீட்பதில் முன்னின்றவர் ஸ்டூவர்ட் செஷயர். 2002-இல் ராண்டெவூ என்று வந்து, 2005-இல் பான்ஜூர் ஆனது. யோசனை ரொம்ப எளிது. பதிவேடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஆள் கிடையாது. லேப்டாப் 224.0.0.251 என்ற பொது முகவரியில் நின்று, "இங்க பிரிண்டர் யாராவது இருக்கீங்களா?" என்று கத்தும், இருப்பவர் குரல் கொடுப்பார்.

ஆனால் அந்தச் சத்தம் ஒரே வலைக்குள்தான் கேட்கும். எங்கள் பிரிண்டரை என்றோ விருந்தினர் வைஃபையில் இணைத்துவைத்த புண்ணியவான் நான்தான்.

மாற்றினேன். பன்னிரண்டே காலுக்கு முதல் தாள் வந்தது. அம்மா சூட்டோடு எடுத்து, தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள்.