இஸ்லாமியச் சட்டத்தைக் கேள்வி கேட்க முடியுமா?

முடியும். 1930களின் இந்தியாவைப் பாருங்கள்.

அங்கே பெரும்பாலான முஸ்லிம்கள் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றினார்கள். மத்ஹபு என்றால் சட்ட மரபு. அதன்படி, கணவன் காணாமல் போனாலும், செலவுக்குத் தராமல் கைவிட்டாலும், மனைவி மணவிலக்குப் பெறுவது மிகக் கடினம். ஆனால் மனைவி மதம் மாறினால் திருமணம் முறிந்துவிடும். அதனால் சில பெண்கள் இஸ்லாத்தையே விட்டு வெளியேறினார்கள்.

தேவ்பந்த் மரபின் பெரிய அறிஞர் அஷ்ரஃப் அலி தானவி. பழமையில் உறுதியானவர். அவரே மதீனாவின் மாலிக்கி அறிஞர்களிடம் எழுதிக் கேட்டார். மாலிக்கி மத்ஹபில் இந்தப் பெண்களுக்கு வழி இருந்தது. தேவை இருந்தால் ஹனஃபிகளும் அதை ஏற்கலாம் என்று நூல் எழுதினார்.

பிறகு 1939இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. கணவன் 4 ஆண்டுகள் காணாமல் போனாலோ, 2 ஆண்டுகள் பராமரிக்காவிட்டாலோ, கொடுமை செய்தாலோ மனைவி நீதிமன்றம் போகலாம். மதம் மாறினால் மட்டும் திருமணம் தானாக முறியாது என்றும் அது சொன்னது. முஸ்லிம் நீதிபதிதான் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்ற உலமாக்களின் கோரிக்கை மட்டும் நிறைவேறவில்லை.

குர்ஆனில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அறிஞர்கள் வகுத்த சட்டம் மாறியது. அதை மாற்ற வைத்தவர்கள், வரலாறு பெயர் குறிக்காத அந்தப் பெண்கள்.