43 லட்சம் டாலருக்கு விளக்கம்

பீட்டர் காட்பர் 1952ல் ஹாங்காங் போலீஸில் சேர்ந்த பிரிட்டிஷ்காரர். 1967 கலவரத்தின்போது நன்றாக வேலை பார்த்தார் என்று பேர் வாங்கியவர். தலைமைக் கண்காணிப்பாளராகி, 1973 ஜூலையில் ஓய்வு பெறுவதாக இருந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்னால், இவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிறார் என்று கமிஷனருக்குத் தகவல் வந்தது. தோண்டிப் பார்த்தால் 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் சொத்து. சேர்ந்த நாளிலிருந்து வாங்கிய மொத்தச் சம்பளத்தைப்போல சுமார் ஆறு மடங்கு. சோறு தண்ணி இல்லாமல் மிச்சம் பிடித்திருந்தாலும் சேராத காசு.

‘வருமானத்துக்கு அதிகமாகச் சொத்து’ என்ற தலைப்பைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதை இந்தியாவில் தனிக் குற்றமாக்கியது 1964ல். ஹாங்காங்கில் 1971ல் வந்த லஞ்சத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 10 அதே வேலையைச் செய்தது. சட்டத்தை எழுதும் முன் 1968ல் ஒரு குழு சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும் போய், அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தது.

இப்படி ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது? லஞ்சம் ரெண்டு பேருக்குள் நடப்பது. கொடுத்தவனும் மாட்டுவான், அதனால் வாயைத் திறக்க மாட்டான். என் வேலையின் பாஷையில் சொன்னால், ட்ரான்சாக்ஷன் லாக் மொத்தமும் அழிந்துவிட்டது, பேலன்ஸ் மட்டும் இருக்கிறது. அந்த பேலன்ஸ் அப்படி இருக்கவே முடியாது என்றால், எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. பிரிவு 10 அதிகாரியிடம் கேட்டது இதைத்தான்: எங்கிருந்து வந்தது, நீயே சொல்.

இதில் ஒரு உறுத்தல் உண்டு. குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுதானே? 1995ல் ஹாங்காங் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கேள்வியை எடுத்துப் பார்த்து, பிரிவு செல்லும் என்றது. சொத்துக்கும் சம்பளத்துக்கும் ஒட்டவில்லை என்பதை முதலில் அரசு நிரூபிக்க வேண்டும், விளக்கம் கேட்பது அதற்கப்புறம்தான்.

காட்பர் கதையில் அந்த நியாயமே வினையாகப் போனது. 1973 ஜூன் 4ஆம் தேதி அவர் வீட்டைச் சோதனை போட்டார்கள். விளக்கம் எழுதித் தர ஒரு வாரம் டைம். ஜூன் 8ஆம் தேதி, தன் போலீஸ் பாஸைக் காட்டி விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனையைத் தாண்டிப் போய், சிங்கப்பூர் வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கிருந்து கூட்டி வரவும் வழியில்லை. விளக்கம் சொல்ல முடியாத சொத்து வைத்திருப்பது இங்கிலாந்துச் சட்டத்தில் குற்றமே இல்லை. ஹாங்காங்கை அப்போது ஆண்டது பிரிட்டன், ஆனால் ஹாங்காங்கின் சட்டம் பிரிட்டனில் செல்லாது!

‘காட்பரைப் பிடி’ என்று ஜனங்கள் விக்டோரியா பார்க்கில் கூடினார்கள். அவர்களுடைய கோபம் ஒரே ஒரு ஆள் மேல் மட்டும் இல்லை. ஆம்புலன்ஸ்காரர் ‘டீ காசு’ வாங்கிக்கொண்டுதான் நோயாளியைத் தூக்கிய ஊர் அது. ஆஸ்பத்திரியில் ஒரு டம்ளர் தண்ணிக்கும் காசு. கடைசியில், போலீஸே போலீஸை விசாரிக்கும் ஏற்பாட்டை விட்டுவிட்டு, 1974 பிப்ரவரி 15ல் ஐசிஏசி என்ற சுதந்திர ஆணையத்தைத் தொடங்கினார்கள்.

காட்பரைக் கொண்டுவர ஒரு பழைய பாணி லஞ்சம் தேவைப்பட்டது: நேரம், இடம், கை மாறிய தொகை. அதைச் சொன்னவர்களில் ஒருவர் எர்னஸ்ட் ஹன்ட், பிரிவு 10ன் கீழ் தண்டனை பெற்ற இன்னொரு போலீஸ் அதிகாரி. காட்பரை நேரடியாகப் பிடிக்க முடியாத சட்டம், அவருக்கு எதிராக ஒரு சாட்சியைத் தயார் பண்ணிக் கொடுத்தது. வான் சாய் பகுதிப் பதவிக்காக ஒரு கண்காணிப்பாளர் காட்பருக்கு 25,000 டாலர் கொடுத்திருந்தார். இரண்டு நாட்டிலும் அது குற்றம். 1975 ஜனவரியில் காட்பர் திரும்பக் கொண்டுவரப்பட்டார். நாலு வருஷம் சிறை.

43 லட்சத்தில் 25,000 என்பது ஒரு சதவீதம்கூட இல்லை. மீதிக்கு அவர் எந்தக் கோர்ட்டிலும் விளக்கம் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள், கொடுத்தவர்கள். 1973 வரைக்கும் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. சொல்ல நினைத்தாலும், போய்ச் சொல்ல போலீஸ் ஸ்டேஷனை விட்டால் வேறு இடம் இல்லை.